கனம் என்று சொல்லாத தோள்

தும்புக் கயிறு மரத்தோடு இறுகும்போது ஒரு சத்தம் வரும். முதலில் முனகல், பிறகு யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்குகிற மாதிரி. கரையில் வள்ளம் இழுக்கையில் அதைக் கேட்கலாம். கேட்ட மாத்திரத்தில் என் வலது தோள், என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல், காதுப் பக்கமாக ஒதுங்கும். கை சுகப்பட்டு எத்தனையோ மாரி போய்விட்டது. தோள் மட்டும் இன்னும் யாரையும் நம்புவதாக இல்லை.

எனக்கு வந்தது உயிர் போகிற வருத்தமல்ல. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போனது, அவ்வளவுதான். ஆனால் அது சண்டைக் காலம். கையைத் தூக்கு என்று சொன்னால் தூக்க வேண்டிய காலம். அந்தக் காலத்தில், இந்தத் தீவில், தூக்க முடியாத ஒரு கையோடு நடமாடுவது என்னவென்று எழுதிவைக்க நினைக்கிறேன். என்னைப்போல் தோள் இறங்கியவர்கள் எங்கள் கோயில் பங்கில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறப்பதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவன். சண்டைக்கு முன்பு மாதாவின் பெயர், மகளின் பெயர், அலைக்கும் காற்றுக்கும் வைக்கிற பெயர் என்று எழுதினேன். பிறகு கடற்படைக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று இலக்கம் எழுதுவதே வேலையானது. வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் பெரிதாக, வெள்ளையில் கறுப்பு. பெயரில்லாத வள்ளம் கடலுக்குப் போகலாம், இலக்கமில்லாதது போக முடியாது. எழுத்தின்மேல் எனக்கிருந்த ஆசையை அந்த இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தின்றன. மிச்சத்தை நான் வீட்டில் தனியாக எழுதிக்கொண்டிருந்தேன்.

தை மாதத்தில் எங்கள் செபஸ்தியாருக்குத் திருநாள். அம்பு பாய்ந்த உடம்பு, ஒரு கை தலைக்கு மேலே மரத்தோடு கட்டப்பட்டிருக்கும். அந்தச் சுரூபத்தைக் கூட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவோம். கூடு பாலை மரத்தில் செய்தது. அடியில் இரண்டு நீளத் தண்டுகளைத் தும்புக் கயிற்றால் வரிந்து கட்டியிருக்கும். தண்டுகளுக்குக் கீழே நாங்கள் தோள் கொடுப்போம்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் எழுதிவைத்ததில்லை, பூசையில் சொன்னதில்லை. கூட்டுக்குக் கீழே தோள் கொடுத்தவன் 'கனம்' என்று சொல்லக் கூடாது. பாரம் என்றும் சுமை என்றும் சொல்லக் கூடாது. இறக்கி வைத்த பிறகும், அடுத்த நாளும், எப்போதும். யாராவது கேட்டால் 'பஞ்சு' என்றுதான் பதில். கனத்ததென்றால் அது தூக்குகிறவனுடைய பாவத்தின் கனம், செபஸ்தியாருக்குக் கனமில்லை.

வழக்கமாகச் சுற்றுப்பிரகார ஊர்வலம் ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும். கூட்டைக் கவைத்தடிகளில் இருத்தி, ஒரு பாட்டுப் பாடி, ஆட்கள் தோள் மாற்றுவார்கள். வலம் இடமாகும், களைத்தவன் விலகுவான். அந்த வருடம் அனுமதி கிடைத்ததே ஊரடங்குக்கு முந்திய கொஞ்ச நேரத்துக்குத்தான். இளம் பொடியன்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. சிலர் கடலைத் தாண்டி, சிலர் காட்டுக்கு, சிலர் எங்கே என்று கேட்கக் கூடாத இடத்துக்கு. பதினாறு பேர் தூக்கிய கூட்டை எட்டுப் பேர் தூக்கினோம். நிற்கவில்லை, இருத்தவில்லை, தோள் மாற்றவில்லை. பாட்டைக்கூட நடந்துகொண்டே பாடி முடித்தோம்.

எனக்கு முன் இடம், வலது தோள். எனக்குப் பின்னால் சூசை, என் மனைவி திரேசாவின் தமையன், கரைவலை இழுப்பவன், உயரத்தில் என்னைவிடக் கட்டை. பாதி வழியில் தண்டு என் கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் இறங்கி வசதியாக உட்கார்ந்துகொண்டது. சூசை தோளை எடுத்துவிட்டானோ என்று சந்தேகம். திரும்பிப் பார்க்க முடியாது.

"மச்சான், எப்பிடி?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

"பஞ்சு."

"எனக்கும் பஞ்சுதான்." அவன் குரல் பல்லுக்கு நடுவால் வந்தது.

அடுத்த நாள் விடியும்போது தோளுக்குள் யாரோ டர்பன்டைன் ஊற்றித் தீ வைத்த மாதிரி எரிந்தது. சில நாட்களில் எரிவு போய்விட்டது. சுகம் என்று நினைத்தேன். எரிவு போனபோது பலத்தையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. விரல்கள் சொன்னபடி கேட்டன. மணிக்கட்டுத் திரும்பியது, முழங்கை மடிந்தது. மேலே போ என்றால் மட்டும் கை பாதி வழியில் நின்று, நீ யார் சொல்ல என்பதுபோல் நடுங்கியது.

முதலில் பெயின்ற்றைச் சந்தேகித்தேன், பிறகு காற்றை, பிறகு சூசையை. கடைசியில் என்னையே. எந்தப் பாவம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒரு கையை விழுத்துகிற அளவுக்குப் பெரிதாக எதுவும் அகப்படவில்லை என்பதே கூடுதல் பயமாக இருந்தது. திரேசாவுக்கு மறைத்தேன். கை உயராமல் எழுதுவதற்காக வள்ளத்தின் பக்கத்தில் ஏணி வைத்து ஏறி நின்றேன்.

"இஞ்சருங்கோ, இலக்கம் எழுதிற இடம் உங்கட நெத்தியளவுதானே. ஏன் தென்னையில ஏறின மாதிரி நிக்கிறியள்?" என்றாள்.

"மேல இருந்து பாத்தாத்தான் எழுத்து நேரா வரும்."

"இவ்வளவு காலமும் கோணலாவே எழுதினியள்?"

அவளை அதற்கு மேல் ஏமாற்ற நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கிழமையே பாலத்துக்கு அப்பால் ஒரு சாவீட்டுக்குப் போக நேர்ந்தது. பாலத்தடிச் சென்றியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். கையைத் தூக்கச் சொன்னான் ஆமிக்காரன். எல்லாக் கைகளும் மேலே போயின. என் இடது கையும் போனது. வலது கை மார்புக்கு நேரே நின்றுவிட்டது.

"தெகம, தெகம," என்றான். இரண்டையும்.

"ஏலாது சேர், அவருக்கு வருத்தம் சேர்," என்றாள் திரேசா, பெண்களின் வரிசையிலிருந்து.

மண் நிரப்பிய பீப்பாக்களில் இரண்டு கையையும் ஊன்றி நிற்கச் சொல்லி என்னைத் திருப்பினான். ஊன்றினேன். அந்தக் கணம் என் முதுகில் சட்டை எழும்பியது. வலது பக்கம், உள்ளே எதையோ செருகி வைத்ததுபோல். பின்னால் பூட்ஸ் ஒரு அடி பின்வாங்கிய சத்தம் கேட்டது. துவக்குக் குழலின் முனை அந்த மேட்டைத் தொட்டது. என் முதுகில் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சட்டையைத் தூக்கிப் பார்த்தான். எலும்பு. என் தோள்பட்டை எலும்பு விலாவை விட்டுப் பிரிந்து, கோழிச் சிறகு மாதிரி வெளியே நின்றது. அவன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னொருவனைக் கூப்பிட்டான். அவனும் தொட்டான். முதலாமவன் என் வலது கையைத் தானே பிடித்துத் தூக்கினான். தடையில்லாமல் உச்சிவரை போனது. விட்டான், விழுந்தது. தான் தூக்கினால் வருகிற கை நான் தூக்கினால் ஏன் வரவில்லை என்று அவனுக்கு விளங்கவில்லை. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அவன் தோளின் மேற்புறத்தைப் பார்த்தான். அங்கே நாலு விரல் அகலத்தில் ஒரு கன்றிய தழும்பு, பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அவர்கள் தோள்களை வாசிப்பார்கள். பை வார் அழுத்திய தடம், துவக்கு இடித்த தடம், எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பொருள் இருந்தது.

"இது என்ன?"

நான் வாயெடுக்கும் முன் திரேசா சொன்னாள். "ஏணி விழுந்தது சேர்."

அவர்களுக்குப் பெரியவன் ஒருவன் வந்து பார்த்தான். டொக்டரிடம் கடிதத் துண்டு வாங்கி வா, துண்டில்லாமல் இனிப் பாலம் தாண்ட முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். சாவீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நான் திரேசாவைக் கேட்டேன், சுரூபம் தூக்கியதை ஏன் சொல்லவில்லை என்று.

"சொன்னா, ஆரார் தூக்கினது எண்டு கேப்பான். எட்டுப் பேரின்ர பேரும் சொல்லவேணும். அதில ஒருத்தனிட்ட அடையாள அட்டை இல்லை எண்டது உங்களுக்குத் தெரியாதே?"

தெரியும். அதனால் ஏணி எங்களோடு ஆஸ்பத்திரிக்கும் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கழுதைகள் மருந்துப் பெட்டி மட்டைகளைத் தின்றுகொண்டு நின்றன. உள்ளே லைசோல் மணம். வாட்டில் கட்டில் தந்து மறித்துவிட்டார்கள். டொக்டர் தெற்கிலிருந்து வந்தவர், இளம் பெண். தமிழை நோயாளிகளிடமே பழகியிருந்தார். அதனால் அவர் சொற்கள் தயங்கித் தயங்கி வந்தாலும் அவற்றின் விகுதிகள் எங்கள் ஊர்ப் பக்கத்தவையாக இருந்தன. குண்டூசியால் குத்திக் கேட்டார், பஞ்சால் தடவிக் கேட்டார், சின்னச் சுத்தியலால் முழங்கையில் தட்டினார். தோளின் வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்குக் குத்துத் தெரியவில்லை.

"சுவரைத் தள்ளுங்கோ."

பாலத்தடியில் செய்வித்ததையே இவரும் செய்விக்கிறார். தள்ளினேன். சட்டை எழும்பியது. ஆனால் இந்த முறை முனையொன்றும் தொடவில்லை. அவர் உள்ளங்கையை அந்த எலும்பின்மேல் வைத்து விலாவோடு அழுத்திப் பிடித்தார். "இப்ப கையைத் தூக்குங்கோ."

தூக்கினேன். கை போனது. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, ஏறக்குறைய முழுக்க. அவர் கையை எடுத்தார். என் கை இறங்கிவிட்டது. அழுகை வந்தது. அதையும் சந்தேகப்பட்டு அடக்கிக்கொண்டேன்.

பிறகு விளக்கினார். கழுத்தெலும்புகளுக்கு இடையிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் வருகின்றன. கழுத்துக்கும் காறையெலும்புக்கும் நடுவில் அவை சேர்ந்து, பிரிந்து, மீண்டும் சேர்ந்து ஒரு பின்னலாகின்றன. தோளிலிருந்து விரல்நுனி வரை கைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் அந்தப் பின்னலிலிருந்து போகின்றன. மேல் மூன்று வேர்களிலிருந்து ஒரு மெல்லிய நரம்பு மட்டும் தனியாகப் பிரிந்து, விலாவின் மேலால் நீளமாகக் கீழே இறங்குகிறது. தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிக்கும் தசைக்கு அதுதான் எசமான். அது நசுங்கினால் தசை பிடியை விடும், எலும்பு சிறகாக எழும்பும், கைக்கு ஊன்ற நிலமிராது. நங்கூரம் அறுந்த வள்ளத்தில் நின்று பாய் ஏற்றப் பார்ப்பது போல என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

"நரம்பு அறுந்திருக்கலாம். மயங்கி இருக்கலாம். உள்ளுக்க ஏதாவது கட்டி அமத்திக்கொண்டும் இருக்கலாம். எது எண்டு தெரியவேணும்," என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "முதுகில பை தூக்கினீங்களா? பாரமான பை? தோளில வார் போட்டு, கனநேரம்?"

அந்தக் காலத்தில் இந்த மண்ணில் தோளில் வார் போட்டுப் பாரமான பை தூக்கி நெடுநேரம் நடந்தவர்கள் இரண்டே வகை. ஒரு வகை பாலத்தடியில் நின்றது. நான் அதில்லை என்பது பார்த்தாலே தெரியும்; மிச்சமிருந்தது காட்டுக்குப் போன வகை.

"இல்லை டொக்டர். ஏணிதான் விழுந்தது."

அவர் தழும்பைத் திரும்பவும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. திட்டுகிறவரை நம்பலாம், பேசாமல் பார்க்கிறவர் யாரிடம் போய்ப் பேசுவார்?

பக்கத்துக் கட்டிலில் உயிலங்குளத்துக் கமக்காரர் ஒருவர், உழவு மெசின் ஏறிய காலைப் பிளாஸ்டர் போட்டுத் தொங்கவிட்டபடி கிடந்தார். காலைத் தவிர எல்லாம் ஓடித் திரிந்தன, முக்கியமாக நாக்கு.

"தம்பி, எந்த உயரத்தில இருந்து விழுந்தது ஏணி?"

"கொஞ்சம் உயரம் அண்ணை."

"மர ஏணியே, இரும்பே?"

"மரம்."

"ஏணி விழுந்தா மண்டை உடையும். சிறகு முளைச்சதை நான் கேள்விப்படேல்லை."

எதற்காக இவருக்கு இவ்வளவு விபரம்? பிளாஸ்டருக்குள் உண்மையில் முறிந்த கால்தான் இருக்கிறதா? நான் போர்வையைத் தோள்வரை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் பெருமூச்சு விட்டு, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் தன் வயலுக்கு வந்ததோ என்று போகிற வருகிற எல்லாரிடமும் விசாரிக்கத் தொடங்கினார். அதற்குள்ளும் ஏதோ இரகசியச் சங்கேதம் இருப்பதாக அன்று எனக்குப் பட்டது.

திரேசா காலையும் மாலையும் வந்தாள். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து உருட்டித் தந்தாள், சீப்பால் தலை இழுத்துவிட்டாள், பொத்தான் பூட்டினாள். பொத்தான் பூட்டும்போது மட்டும் ஏதும் பேசமாட்டாள். ஒருநாள் எக்ஸ்ரே எடுத்த பிறகு அவளும் சூசையும் வாட்டுக்கு வெளியே டொக்டரோடு நின்று கதைத்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் வாய்கள் அசைவதைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லை. வடிவாச் சாப்பிடட்டாம்."

"சாப்பிடச் சொன்னதுக்கோ அழுதனீ?"

"கண்ணுக்குள்ள தூசி. ஆஸ்பத்திரியைக் கூட்டினாத்தானே."

சூசை பேச்சை மாற்றினான். அவன் என் வேலையைத் தானே ஏற்று இரண்டு வள்ளங்களுக்கு இலக்கம் எழுதியிருந்தான். "நேவிக்காரன் வாசிச்சிட்டு, இது இலக்கமோ இல்லாட்டி மீனோ எண்டு கேக்கிறான் மச்சான். என்ர எட்டைப் பாத்துத் திருக்கை எண்டிட்டான்."

"வாலையும் கீறினியோ?"

"வால் தானா வந்திட்டுது."

சிரித்தோம். சிரிக்கும்போது அவன் தன் இடது கையால் வலது கை விரல்களைப் பிசைந்துகொண்டிருந்ததைக் கண்டேன். அதையும் ஒரு சந்தேகமாக எடுத்து உள்ளே வைத்தேன்.

விடயம் எனக்கு டொக்டர் வாயாலேயே தெரிந்தது. அடுத்த நாள் திரேசாவும் சூசையும் இருக்கும்போது ஒரு துண்டோடு வந்து கட்டிலின் விளிம்பில் நின்றார். காரணமில்லாமல் இப்படி நரம்பு விழாது, கழுத்துக்குள்ளோ நுரையீரலின் உச்சியிலோ கட்டி இருக்கலாம், எக்ஸ்ரேயில் தெளிவில்லை, கொழும்புக்குப் போய் ஸ்கான் செய்ய வேண்டும், தேவையென்றால் அறுத்துப் பார்ப்பார்கள் என்றார். திரேசா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். கட்டி என்ற சொல்லைத்தான் அவள் இவ்வளவு நேரமும் தூசி என்று சொல்லியிருக்கிறாள்.

கொழும்பு என்றால் பாஸ் எடுக்க வேண்டும், வழியெல்லாம் சென்றி, தங்கும் இடத்தில் பொலிஸ் பதிவு. ஒவ்வொரு இடத்திலும் கையைத் தூக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு இடத்திலும் நான் ஒரு கையைத்தான் தூக்குவேன்.

டொக்டர் துண்டை நீட்டவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ஏணி இல்லை. எனக்குத் தெரியும். ஆருக்குத் தூக்கினீங்க எண்டு நான் கேக்கமாட்டேன், எழுதவும் மாட்டேன். எவ்வளவு பாரம், எவ்வளவு நேரம், அது மட்டும் சொல்லுங்கோ. பாரம் அமத்தினதெண்டா நரம்பு மயக்கம்தான், காத்திருக்கலாம். இல்லையெண்டா கொழும்பு."

இப்படி மெல்லக் கேட்பவர்களைப் பற்றித்தான் எங்களுக்கு எச்சரித்திருக்கிறார்கள். கத்துகிறவன் இரண்டு அடி அடித்துவிட்டு விடுவான். இந்தக் குரலுக்கு நான் எதையும் கொடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. திரேசாவைப் பார்த்தேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. கமக்காரர் கட்டுக்கரையை மறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுரூபம் டொக்டர்," என்றேன்.

"மச்சான்," என்றான் சூசை.

டொக்டருக்கு விளங்கவில்லை. கமக்காரர்தான் தொங்கிய காலோடு நிமிர்ந்தார். "செபஸ்தியார், டொக்டர். உடம்பெல்லாம் அம்பு குத்தின சாமி. திருநாளுக்குக் கூட்டில வச்சுத் தோளில தூக்குவினம். நான் அப்பவே நினைச்சனான், ஏணியாவது ஒண்டாவது."

"சாமி," என்றார் டொக்டர். "அது பாரமா?"

பேசக் கூடாத இடத்துக்கு வந்திருந்தோம். சூசையின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"பஞ்சு டொக்டர்."

"பஞ்சா?"

"ஓம். பூ மாதிரி. ஒரு பாரமும் இல்லை."

டொக்டர் அவனைப் பார்த்தார், பிறகு என்னை. அவர் முகத்தில் ஒரு கதவு மூடியது. "பாரமில்லாட்டி நரம்பு நசுங்காது. அப்ப இதுவும் பொய்." துண்டை நீட்டினார். "கொழும்புக்குப் போங்கோ."

துண்டு என் மார்புக்கு நேரே நின்றது. வாங்குவதற்கு வலது கை போதும். அந்த உயரத்துக்கு அது இன்னும் வரும். நான் வாங்கவில்லை. தண்டு இறங்கி உட்கார்ந்த பள்ளத்தை இடது கையால் தொட்டேன். ஒரு சொல். அதைச் சொன்னால் செபஸ்தியாரைக் கனமென்று சொன்னவனாவேன், பாவியென்று நானே கையெழுத்து வைத்தவனாவேன், அதுவும் சூசைக்கு முன்னால். சொல்லாவிட்டால் என் கழுத்தைத் திறப்பார்கள்.

"கனம் டொக்டர்," என்றேன். "பாலை மரக் கூடு. நல்ல கனம். அரைவாசி வழியிலயே எனக்குக் கண் இருட்டினது."

வெளியே ஒரு கழுதை கத்தியது. வேறொன்றும் நடக்கவில்லை. நான் எதிர்பார்த்திருந்த இடி எதுவும் விழவில்லை.

"தோள் மாத்தேல்லையா?"

"மாத்துறது வழக்கம். இந்த முறை நிக்க நேரமில்லை. ஊரடங்கு."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, "எத்தனை பேர் தூக்கினீங்க?" என்று கேட்டார்.

நான் தடுமாறினேன். "கொஞ்சப் பேர்."

அந்தத் தடுமாற்றத்தை அவர் கண்டார். கண்டதை நானும் கண்டேன். அதோடு, எனக்குக் கிடைக்க இருந்த நம்பிக்கையில் பாதியை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தது.

சூசை அப்போதுதான் தன் வலது கையை முன்னால் நீட்டினான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "டொக்டர், எனக்கும் இந்தப் பெருவிரலும் பக்கத்து விரலும் விறைப்பு. போன திருநாளுக்கு முந்தின திருநாளில இருந்து. இந்த முறை தூக்கினதோட இன்னும் கூடிட்டுது."

"நீ ஒருக்காலும் சொல்லேல்லையே அண்ணை," என்றாள் திரேசா.

"எதை எண்டு சொல்ல? இவன் சொல்லுவான் எண்டு ஆர் கண்டது?"

அவன் வழியில் தோளை எடுக்கவில்லை என்பது எனக்கு அந்த விரல்களைப் பார்த்த பிறகே உறுதியானது. இத்தனை நாளும் அவனை மனதுக்குள் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன்.

டொக்டர் கொழும்புத் துண்டைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்துத் தன் வெள்ளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பாப்பம். நசுங்கின நரம்பெண்டா திரும்ப வளரும். ஆனா மெதுவா; ஒரு நாளைக்கு அரிசி தடிப்புக்கூட வளராது. மழைக்கு முந்திக் கை ஏறவேணும். ஏறாட்டி இந்தத் துண்டு என்னட்ட இருக்கு."

ஆக, என் சொல்லை அவர் நம்பவில்லை. என் கையைச் சாட்சிக்கு வைத்திருந்தார். கை ஏறினால் நான் சொன்னது உண்மை. ஏறாவிட்டால் நான் பொய்யன், அதோடு நோயாளி.

சென்றிக்குக் கொடுக்க ஒரு துண்டு எழுதித் தந்தார். சிங்களத்தில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாத ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு துவக்குக்கு முன்னால் போய் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். பாலத்தடியில் ஆமிக்காரன் அதை இரண்டு முறை வாசித்தான். பிறகு தன் கையாலேயே என் இடது கையையும் இறக்கிவிட்டான். இவருக்குக் கை ஏலாது, தூக்கச் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்ததாம். திரும்பி வந்து, சிங்களம் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் வாசிப்பித்து உறுதிப்படுத்திய பிறகுதான் நம்பினேன். அவரையும் முழுக்க நம்பவில்லை.

வீட்டில் பயிற்சி. மல்லாந்து கிடந்து கூரையைக் குத்துவது. சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி ஏறவிடுவது. எந்த விரல் எந்த வெடிப்புவரை போனதென்று திரேசா கரிக்கட்டியால் கீறி வைத்தாள். சில நாட்களில் கோடு ஏறியது. பல நாட்களில் ஏறவில்லை. ஏறாத நாட்களில் கழுத்தைத் தடவிக் கட்டி தேடுவேன்.

இலக்கம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். சூசையின் திருக்கைகளோடு கடலுக்குப் போக அவர்களுக்கு விருப்பமில்லை. அப்போதுதான் திரேசா அதைக் கண்டுபிடித்தாள். டொக்டர் செய்ததைப் பார்த்திருந்தாளே. நான் தூரிகையோடு வள்ளத்துக்கு முன்னால் நிற்பேன். அவள் எனக்குப் பின்னால் நின்று, சட்டைக்குள் கையை விட்டு, அந்த எலும்பை உள்ளங்கையால் விலாவோடு அழுத்திப் பிடிப்பாள். பிடித்திருக்கும்வரை கை ஏறும். அவள் தும்மினால் ஏழு கோணிப்போகும்.

"என்ன திரேசா, புருசனைப் பின்னால நிண்டு ஓட்டுறாய்?" என்று வலை காயப்போடும் பெண்கள் கேட்பார்கள்.

"ஓம், இது தள்ளினாத்தான் ஸ்டார்ட் வரும்," என்பாள்.

கடற்கரை முழுக்கச் சிரிக்கும். வெயிலில் என் முதுகும் அவள் உள்ளங்கையும் ஒன்றாக வியர்க்கும். அந்தக் கையை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. ஒருநாள் எழுதி முடித்துத் திரும்பினேன். அவள் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப கையை எடுத்தனீ?"

"நாலு எழுதேக்க."

நாலுக்குப் பிறகு இன்னும் மூன்று இலக்கம் இருந்தது.

மழைக்கு முன் கடைசிக் கிளினிக்குக்குப் போனேன். டொக்டருக்கு மாற்றல் வந்திருந்தது, தெற்குக்கு. மேசையில் புத்தகங்கள் பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தன. சுவரைத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எலும்பு பலகை மாதிரிப் படிந்து கிடந்தது. கையைத் தூக்கச் சொன்னார். மேலே போனது, கொஞ்சம் நடுக்கத்தோடு, தலையைத் தாண்டி, கட்டுண்டிருக்கும் செபஸ்தியாரின் கை அளவுக்கு. விரல் விறைப்பு சூசைக்கும் குறைந்திருப்பதாகச் சொன்னேன். தலையாட்டினார்.

வெள்ளைச் சட்டைப் பைக்குள்ளிருந்து, மடிப்பில் கறுத்துப்போன அந்தத் துண்டை எடுத்துக் கிழித்துக் கூடையில் போட்டார். நான் கும்பிட்டுவிட்டுக் கதவடிக்கு வந்தேன். அவர் எழுந்து வந்து, வெளியே ஒருமுறை பார்த்து, கதவைச் சாத்தினார்.

"இப்ப ஒருத்தரும் இல்லை. நானும் போறன். எனக்கு மட்டும் சொல்லுங்கோ. அது உண்மையில சாமிதானா?"

"சாமிதான் டொக்டர்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

"சரி. சாமியா இருந்தாலும், வேற ஆரா இருந்தாலும், அடுத்த முறை தோள் மாத்துங்கோ."